நிறுத்தும் அதிகாரம்

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் தலைசிறந்தது சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுத்தத் தவறு. தலைசிறந்தது பிரேக். சக்கரத்தை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். சரிவில் வைத்துவிட்டால் தானாகவே ஓடும். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை ஓடவிடாமல் செய்வதற்குத்தான் அறிவு வேண்டும், அனுபவம் வேண்டும், தனி அறையும் சுழல் நாற்காலியும் வேண்டும். இந்த மாபெரும் உண்மையை வாழ்ந்து காட்டியவர் ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் இயக்குநர் அவர்கள்.

பதவியின் பெயர்தான் இயக்குநர். பணி, நிறுத்துவது. பொறுப்பேற்ற அன்றே லிப்டை நிறுத்தினார். படியேறினால் ஊழியர்களின் உடம்புக்கு நல்லதாம். அவருடைய அறை தரைத்தளத்தில் இருந்தது. அடுத்து மாடியில் மின்விசிறிகளை நிறுத்தினார்; காகிதம் பறக்கிறதாம். பதவி உயர்வுகளை நிறுத்தினார், பொறாமை வளர்கிறதாம். நடந்துகொண்டிருக்கும் கூட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதை ஏன் நிறுத்தினோம் என்று ஆராய இன்னொரு கூட்டம் போடுவார். தம் ஒப்புதலுக்கு வந்த உரிமங்களை அவர் நிறுத்தி வைத்தார் என்று மட்டும் யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. அவற்றை அவர் ‘பரிசீலித்து’க்கொண்டிருந்தார்.

இவ்வளவு சாதித்தவருக்கும் ஒரே ஒரு குறை இருந்தது. அலுவலகத்தின் பெரிய கணினியை நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. அது இருந்ததோ, மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த கணினிக் காப்பாளரின் கையில்.

காப்பாளரை எல்லோரும் ‘சிஸ்டம்’ என்றே கூப்பிட்டார்கள். “சிஸ்டம் சாப்பிட்டாச்சா?” என்பார்கள். “சிஸ்டத்துக்கு ஜலதோஷம், இன்னிக்கு லீவு” என்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல மனிதர். நாற்பதைத் தாண்டியவர், தொப்பை எட்டிப் பார்க்கத் தொடங்கியவர். அதிகாரத்தின்மீது அவருக்கு ஆசையே கிடையாது. அவர் ஆசைப்பட்டதெல்லாம் ஒரு சோபாவுக்கு.

அதுவும் ஊரார் வீட்டுச் சோபா இல்லை. அவரே வாங்கிப் போட்ட, அவர் வீட்டு ஹாலில் கிடந்த சோபா. மூன்று பேர் உட்காரலாம், ஒருவர் நீட்டிப் படுக்கலாம் என்று கடைக்காரர் சொல்லித்தான் வாங்கினார். அந்த ஒருவர் யார் என்று அப்போது இருவருமே பேசிக்கொள்ளவில்லை. சோபா வந்து இறங்கிய சூட்டோடு மனைவியின் தம்பி ஒரு பையோடு வந்து இறங்கினான். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாமா” என்றான். அந்த இரண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

மச்சான் கெட்டவன் இல்லை. ஆனால் படுத்தவன். டிவி ரிமோட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு உலக விவகாரம் முழுவதையும் படுத்த வாக்கிலேயே தீர்த்து வைப்பான். சிஸ்டம் வேலை முடிந்து களைத்து வந்தால் மட்டும் மரியாதையாகக் காலை மடக்கி, ஓரமாக ஒரு சாண் இடம் விடுவான்.

“உங்க வேலையில அப்படி என்னதான் மாமா இருக்கு? ஆஃப் பண்ணி ஆன் பண்றதுதானே?”

இந்தக் கேள்விதான் சிஸ்டத்தை உள்ளுக்குள் அறுத்தது. அவர் நேரே சமையலறைக்குப் போய் மனைவியிடம் கறாராகச் சொல்வார்.

“இதோ பாரு. இந்த மாசத்தோட உன் தம்பி கிளம்பியாகணும். சொல்லிட்டேன்.”

“சரிங்க.”

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல், தலையைக்கூடத் தூக்காமல், உடனே சரி என்று சொல்லிவிடுவார். சிஸ்டத்துக்கு மனது குளிர்ந்துபோகும். ஊரில் எத்தனையோ வீடுகளில் ஆம்பிளை பேச்சு எடுபடுவதில்லை. நம் வீட்டில் நம் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அடுத்த மாதமும் அதையே சொல்வார். அடுத்த மாதமும் உடனே “சரிங்க” வரும்.

இப்படி வீட்டில் செல்வாக்கோடு இருந்தவருக்கு அலுவலகத்தில் சோதனை வந்தது.

ஒரு நாள் பெரிய கணினி இழுக்கத் தொடங்கியது. ஒரு பெயரைத் தேடினால் தேடுகிறவர் டீ குடித்துவிட்டு வரலாம், அந்த வேகம். ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினால் சரியாகிவிடும் என்று சிஸ்டம் வாராந்தரக் கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நிறுத்தணுமா? யாரு நிறுத்துறது?”

“நான்தான் சார். எப்பவும் நான்தானே நிறுத்துவேன்.”

“எப்பவுமா? எனக்குத் தெரியாமயா?”

கணக்கு அதிகாரி கடித்த பிஸ்கட்டை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார்.

“எப்படி நிறுத்துவீங்க? விளக்குங்க, பாப்போம்.”

“கணினிக்குள்ள இயங்குதளம்னு ஒண்ணு இருக்கு சார். எல்லா வேலையையும் கட்டி மேய்க்கிறது அதுதான். கணினி நிக்கணும்னா அதைக் கூப்பிட்டுச் சொல்லணும்.”

“யாரு கூப்பிட்டாலும் கேக்குமா?”

“கேக்காது சார். தலைமைப் பயனர் கூப்பிட்டாத்தான் கேக்கும். அதுவும் வெறுமனே ‘நில்லு’ன்னா நிக்காது. ரெண்டு எண் இருக்கு, அதையும் கூடவே சொல்லணும். கை தவறி யாரும் நிறுத்திடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க.”

“தலைமைப் பயனர்” என்று இயக்குநர் அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “இந்த அலுவலகத்துக்குத் தலைமை நான். அப்போ தலைமைப் பயனர் யாரு?”

“நான்... தான் சார்.”

கணக்கு அதிகாரிக்குப் புரையேறியது.

அன்று மாலைக்குள் ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. ‘நிர்வாக நலன் கருதியும், அதிகாரப் படிநிலையின் மாண்பைக் கருதியும்’, கணினியை நிறுத்தும் அதிகாரம் மாடிப்படிக்குக் கீழிருந்து இயக்குநர் அறைக்கு மாற்றப்பட்டது. சிஸ்டம் ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் செய்தார்.

“சார், நிறுத்துறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் சொல்லிடணும். அவங்கவங்க வேலையச் சேமிச்சு முடிக்கணும். பாதி வேலை கணினியோட நினைவுலதான் நிக்கும். அது வட்டுல எழுதி முடியற வரைக்கும் பொறுக்கணும். பெரிய கணினி சார், ஒழுங்கா நிக்கக் கால் மணி நேரம் பிடிக்கும்.”

“நான் நில்லுன்னா நிக்கணும். கால் மணி நேரம் யோசிச்சு நிக்கறதுக்கு அது என்ன யூனியனா?”

மறுநாள் காலை இயக்குநர் பொறுக்காமல் நிறுத்தினார். முகப்பில் இருந்த எல்லாத் திரைகளும் ஒரே மூச்சில் இருண்டன. காலையிலிருந்து எடுத்த புகைப்படங்கள், கைரேகைகள், தேர்வு முடிவுகள் எல்லாம் போயே போச்சு. கண் சிமிட்டாமல் படம் எடுத்துக்கொள்ளப் படாத பாடு பட்டு ஒருவழியாக வென்றிருந்த ஒரு மூக்குக்கண்ணாடி வியாபாரி, மறுபடியும் வரிசையின் வாலுக்குப் போனார். போகும்போது அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்த நாள், அதிகாரம் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருமுறை நிறுத்தினார். அதற்கடுத்த நாள், அச்சுப்பொறியின் சத்தம் அவருடைய போன் பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்ததால் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடி வியாபாரி மூன்று நாளும் வந்திருந்தார்.

அப்போதுதான் சீல் அக்கா மாடிப்படிக்குக் கீழே வந்தார். சீல் அக்கா என்பவர் தலைமை எழுத்தர். அலுவலக முத்திரை அவர் பொறுப்பில் இருந்ததால் அந்தப் பெயர். முத்திரை போலவே அவர் பேச்சும், விழுந்தால் அழியாது.

“ஏன் தம்பி, குழந்தை கையில கத்திரிக்கோலக் குடுத்துட்டு நீ பாட்டுக்கு உக்காந்திருக்கியே?”

“நான் என்னக்கா பண்ணுவேன்? தீர்மானம் போட்டுப் புடுங்கிட்டாரு.”

“புடுங்கட்டும். பிளாஸ்டிக் கத்திரிக்கோலாப் பாத்துக் குடுத்திருக்கலாம்ல?”

சிஸ்டத்தின் மண்டையில் விளக்கெரிந்தது. ஒரு பெரிய கணினிக்குள்ளேயே சின்னதாக ஒரு பொய்க் கணினியை உருவாக்கி வைக்கலாம். அதற்கு அவர்கள் தொழிலில் பெட்டி என்று பெயர். பெட்டிக்குள் இருப்பவருக்கு அதுதான் முழுக் கணினி. வெளியே இன்னொன்று இருப்பதே தெரியாது. அங்கே அவர்தான் தலைமைப் பயனர். அவர் நில்லென்றால் நிற்கும், ஆனால் பெட்டி மட்டும்தான் நிற்கும். வெளியே உலகம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வார இறுதியில் சிஸ்டம் இயக்குநருக்கென்று ஒரு பெட்டி கட்டினார். கூடவே சொல்ல வேண்டிய இரண்டு எண்களாக இயக்குநரின் பிறந்த தேதியையும் அவருடைய கார் எண்ணையும் வைத்தார். திங்கட்கிழமை இயக்குநர் இரண்டு எண்களையும் தட்டிப் பொத்தானை அழுத்தினார். திரை கறுத்தது. கொட்டை எழுத்தில் ‘கணினி நிறுத்தப்பட்டது’ என்று வந்தது.

“ஆகா! பட்டுனு நிக்குதே! உங்க கையில இருந்தப்ப கால் மணி நேரம்னீங்க?”

“அது என் கை சார். இது உங்க கை.”

இயக்குநருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு அவர் வெறுமனே நிறுத்தவில்லை, ரசித்து நிறுத்தினார். காலையில் வந்ததும் நிறுத்துவார். அறைக் கதவை இறுகச் சாத்திக்கொண்டு, தாம் நிறுத்திய பேரமைதியில் நாற்காலியைச் சுழற்றியபடி அமர்ந்திருப்பார். சாப்பாட்டுக்குப் பின் மனமிரங்கித் தொடங்கி வைப்பார்.

இதில் யாருமே எதிர்பார்க்காத ஒரு நன்மை விளைந்தது. முன்பொரு சமயம் இயக்குநர், ‘வெளிநாடுகளில் போக்குவரத்து எவ்வாறு நிறுத்தப்படுகிறது’ என்று கற்றுவரப் பயணம் போனபோது ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்: தம் திரை இயங்காத நேரங்களில் ஒப்புதல் வழங்கும் வேலை சீல் அக்காவுக்குப் போய்விடும். திரும்பி வந்து அதை ரத்து செய்ய மறந்துவிட்டார். பயணத்தில் அவ்வளவு கற்றிருந்தார். ஆகவே அவர் தம் பெட்டியை நிறுத்திய மறுகணம், பரிசீலனையில் கிடந்த உரிமங்களெல்லாம் சரசரவென்று சீல் அக்காவின் திரைக்கு வந்து விழும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, சரியானவற்றை அனுப்பி, சரியில்லாதவற்றைக் காரணத்தோடு திருப்பிவிடுவார். அச்சுப்பொறி மூச்சுவிடாமல் ஓடும். மூக்குக்கண்ணாடி வியாபாரிக்குக்கூட உரிமம் வந்தது, கண்கள் திறந்த நிலையில்.

“இன்னிக்கு சார் நிறுத்தியாச்சா?” என்று முகப்பு ஊழியர்கள் காலையில் ஆவலாகக் கேட்பார்கள். நிறுத்தியாயிற்று என்று தெரிந்தால் எல்லோரும் உற்சாகமாக வேலையைத் தொடங்குவார்கள்.

இதற்கிடையே வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. மச்சான் எழுந்தான். எழுந்து போய், கனரக வாகனத் தேர்வில் தேறிவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, பேருந்தை அவன் அலுங்காமல் குலுங்காமல் ஓட்டினான் என்று தேர்வாளரே மெச்சினார். தொலைவில் வேறோர் ஊரில் ஒரு பேருந்துக் கம்பெனி வேலையும் தருவதாகச் சொல்லிவிட்டது. தங்க அறையும் உண்டு. சிஸ்டம் அந்த அறை என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். ஒரே நிபந்தனை, உரிம அட்டையோடு குறித்த தேதியன்று காலை வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

அந்த உரிமம் இயக்குநரின் பரிசீலனையில் இருந்தது.

சிஸ்டம் நேரில் போய்க் கேட்டும் பார்த்தார். “உங்க மச்சானா? அப்போ இன்னும் கவனமாப் பாக்கணுமே” என்றார் இயக்குநர். சரி, பெட்டியை நிறுத்துவார், அக்காவிடம் போய்விடும் என்று காத்திருந்தால், மனிதர் அந்த வாரம் பொத்தானைத் தொடவே இல்லை. மேலிடத்திலிருந்து செயலர் ஆய்வுக்கு வருகிறார். அவர் கண்ணெதிரே முழு அலுவலகத்தையும் நிறுத்திக் காட்டப் போகிறாராம். அதற்காக இயக்குநர் விரல்களுக்கு ஓய்வு கொடுத்திருந்தார்.

செயலர் வரும் நாளும் மச்சான் பஸ் ஏற வேண்டிய கடைசி நாளும் ஒன்றாக அமைந்தன. காலையிலேயே மனைவி போனில் கூப்பிட்டார்.

“ஏங்க, தம்பி பையோட அங்க கிளம்பிட்டான். மதியம் பஸ்ஸாம். அட்டை கிடைச்சிடும்ல?”

“சார் நிறுத்திட்டா கிடைச்சிடும்.”

“நிறுத்தினா எப்படிங்க கிடைக்கும்?”

“அது ஒரு பெரிய கதை. நீ வேண்டிக்கோ.”

செயலர் ஒரு பெண்மணி. கயிறு கட்டிய கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எதையாவது நம்பாதபோது மட்டும் அதை எடுத்து மாட்டிக்கொள்வார். இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். தொடங்குவது எளிது, நிறுத்துவது அரிது என்றார். சிஸ்டம் சுவரோரமாக நின்று, ‘அழுத்துய்யா, அழுத்துய்யா’ என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தார். கடைசியில் இயக்குநர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அழுத்தினார். திரை கறுத்தது.

“முழு அலுவலகமும் நின்னுடுச்சு மேடம். ஒரு ஈ காக்கா அசையாது.”

செயலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்து முகப்பை எட்டிப் பார்த்தார்.

முகப்பில் திருவிழா மாதிரி இருந்தது. ஒரு வாரத் தேக்கம் முழுக்க ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு வந்திருந்தது. சீல் அக்கா வியர்க்க வியர்க்க ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தார். அச்சுப்பொறி சுடச்சுட அட்டைகளைத் துப்பியது. பெயர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊழியர்களுக்குத் தொண்டை கட்டியது. மூன்றாவது சன்னலில் மச்சான் தன் அட்டையை வாங்கி, அதில் சிரித்துக்கொண்டிருந்த தன் படத்துக்கே ஒரு முத்தம் கொடுத்தான்.

“மாமா! வந்துடுச்சு மாமா!”

சிஸ்டத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“நின்னுடுச்சுன்னீங்க?” என்றார் செயலர்.

இயக்குநர் முகப்பைப் பார்த்தார். திரும்பித் தம் திரையைப் பார்த்தார். ‘கணினி நிறுத்தப்பட்டது’ என்று அது தெளிவாகச் சொன்னது. வேறொருவராக இருந்தால் திரையைச் சந்தேகித்திருப்பார். இயக்குநர் உலகத்தைச் சந்தேகித்தார்.

“மேடம், இது பச்சை ஒழுங்கீனம்! நிறுத்தப்பட்ட அலுவலகத்துல அனுமதி இல்லாம வேலை பாத்திருக்காங்க!” அவர் குரல் கூரையைத் தொட்டது. “நான் நிறுத்தின பிறகு குடுத்த எந்த உரிமமும் செல்லாது. கதவைச் சாத்துங்க! எல்லா அட்டையையும் திரும்ப வாங்குங்க!”

காவலாளிகள் கதவைச் சாத்தினார்கள். முகப்பில் கூச்சல் கிளம்பியது. ஒரு காவலாளி மச்சானின் கையிலிருந்து அட்டையை உருவினார். மச்சான் சண்டை போடவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சிஸ்டத்தைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தான்.

“விடுங்க மாமா. எனக்காக நீங்க வருத்தப்படாதீங்க. நான் வீட்டுக்குப் போறேன். சோபா இருக்கு, பாத்துக்கலாம்.”

சிஸ்டத்தின் கண்முன் அந்தச் சோபா வந்தது. அதன்மேல் மச்சான் வந்தான். அவன் வயிற்றின்மேல் ரிமோட் வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் சோபா போனது போனதுதான். வேலைகூட இன்னொன்று தேடிக்கொள்ளலாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

“மேடம், அட்டையெல்லாம் செல்லும். கணினி நிக்கவே இல்ல.”

“பின்ன என்ன நின்னுச்சு?”

“சார் மட்டும்தான் மேடம் நின்னாரு.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தலைமைப் பயனர், பிஸ்கட், மூக்குக்கண்ணாடி வியாபாரி, பெட்டி, ஒன்றையும் விடவில்லை. செயலர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சீல் அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இவர் நிக்கும்போது உரிமம் எப்படிப் போகுது?”

“கட்டுக்கட்டாப் போகுது மேடம்.”

“இவர் ஓடும்போது?”

“அப்போ பரிசீலனையில இருக்கும் மேடம்.”

செயலர் கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநர் பக்கம் திரும்பினார். சிஸ்டம் தம் அறையிலிருந்து எதையெதை எடுத்துப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டார். டீக் குவளை ஒன்றுதான் சொந்தமாக இருந்தது.

“இயக்குநர் அவர்களே, நிர்வாகத்துல புதுசா ஒரு வழியக் கண்டுபிடிச்சிருக்கீங்க” என்றார் செயலர், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல். “நீங்க நின்னா, அலுவலகம் ஓடுது. இப்பேர்ப்பட்ட ஆற்றல வீணடிக்கக் கூடாது. இனிமே உங்க கணினியத் தொடங்கவே வேண்டாம். நிறுத்தின நிலையிலயே வெச்சுப் பாதுகாக்கறது உங்க தனிப்பொறுப்பு.”

பெட்டி விவகாரத்தில் இயக்குநருக்கு ஒரு வரியும் விளங்கியிருக்கவில்லை. ‘சார் மட்டும்தான் நின்னாரு’ என்பது மட்டும் காதில் விழுந்து, நெஞ்சில் இனித்தது. அவர் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்.

“நன்றி மேடம். ஒருத்தரும் தொடாம நான் பாத்துக்கறேன்.”

இன்றைக்கும் அவர் கறுத்த திரைக்கு முன்னால் கண்ணும் கருத்துமாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பணிக்காலத்தில் அலுவலகம் இவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை.

அட்டைகள் உரியவர்களிடம் திரும்பின. மச்சான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்; அவன் ஓடி சிஸ்டம் அன்றுதான் பார்த்தார். சிஸ்டத்தின் வேலை போகவில்லை. மாறாக, எல்லா ஊர் இயக்குநர்களுக்கும் ஒவ்வொரு பெட்டி கட்டித் தரும்படி அவருக்கு உத்தரவு வந்தது. வாசல்வரை வழியனுப்பப் போனபோது செயலர் அவரைச் சற்றுத் தனியே அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒரு சின்ன சந்தேகம். தலைமைச் செயலகத்துல என் அறையிலயும் ஒரு கணினி இருக்கு. நிறுத்தற அதிகாரம் என்கிட்டதான். நான் அழுத்தின உடனே பட்டுனு நின்னுடுது. அது நல்லதுதானே?”

சிஸ்டம் வாயைத் திறந்தார். பின்னால் சீல் அக்கா இருமினார்.

“ரொம்ப நல்லது மேடம்” என்றார் சிஸ்டம்.

மாலை வீட்டுக்குப் போனார். ஹால் காலியாக இருந்தது. ரிமோட், ரிமோட் வைக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சோபாவில் மச்சானின் வடிவத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்திலேயே காலை நீட்டிப் படுத்தார். ஆகா, என்ன சுகம்! மனைவி விடைத்தாள் கட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். சிஸ்டம் நடந்ததையெல்லாம் படுத்துக்கொண்டே சொன்னார். செயலர் கேட்ட சந்தேகத்துக்கு வந்தபோது இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

“பாவம்ங்க அந்தம்மா. அவ்வளவு படிச்சவங்க, பட்டுனு நிக்குதுன்னா பொய்ப் பெட்டின்னு தெரியல பாருங்க.”

“அதான் சொல்றேன். உண்மையா நிக்கணும்னா நேரம் எடுக்கும். கையில இருக்கற வேலைய முடிக்கணும், சேமிக்கணும், கொஞ்சம் முரண்டு பிடிக்கணும். கேட்ட உடனே நின்னா, நம்மள உள்ள வெச்சுப் பூட்டியாச்சுன்னு அர்த்தம்.” சிஸ்டம் தலையணையைச் சரிசெய்துகொண்டார். வெற்றி பெற்ற அன்று ஒரு சட்டம் போட்டுவிடுவது நல்லது என்று அவருக்குத் தோன்றியது. “இதோ பாரு. இனிமே யாரா இருந்தாலும் சரி, நம்ம வீட்டுல வந்து மாசக்கணக்குல தங்கற பேச்சே கிடையாது. சொல்லிட்டேன்.”

“சரிங்க.”

சிஸ்டம் நிம்மதியாகக் கண்ணை மூடினார். மூடிய கண்ணை மெதுவாகத் திறந்தார்.

“ஏம்மா.”

“சொல்லுங்க.”

“நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டியே?”

“பின்ன? நீங்க சொன்னா மறுபேச்சு உண்டா? இந்த வீட்டுக்குத் தலைவர் நீங்கதானே” என்றார் மனைவி, சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல், தலையைக்கூடத் தூக்காமல். “கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க. சின்னத் தம்பி ஸ்டேஷன்லேருந்து ஆட்டோவுல வந்துக்கிட்டிருக்கான். ரெண்டு நாள்தான் இருப்பானாம்.”

வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தலைமைப் பயனர் காலை மடக்கிக்கொண்டார்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் அதிகாரம் மிக்க பெருமக்களே, நீங்கள் நில்லென்றதும் உங்களுடையதும் பட்டென்று நின்றுவிடுகிறதா? வாழ்த்துகள்.